கவிதை வழியாக இன அநீதியை மாணவர்களுக்குக் கற்பிக்க முடியுமா? எங்கே தொடங்குவது?

முடியும். ஆனால் கவிதையைச் சாக்காக வைத்து வரலாற்றுப் பாடம் நடத்தினால் முடியாது. ஆங்கில இலக்கியம் நடத்தத் தொடங்கிய புதிதில் நான் அதைத்தான் செய்தேன். அமெரிக்காவின் அடிமை வணிகம், உள்நாட்டுப் போர், நிறப் பிரிவினைச் சட்டங்கள் என்று கரும்பலகையை நிரப்பிவிட்டு, மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது கவிதையை எடுப்பேன். அதற்குள் என்ன பதில் சொன்னால் எனக்குப் பிடிக்கும் என்று மாணவர்களுக்குத் தெரிந்துவிட்டிருக்கும். "பாவம் சார்" என்பார்கள். அத்தோடு சரி.

இப்போது அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் கவுன்டீ கல்லனின் 'சம்பவம்' கவிதையில் தொடங்குகிறேன். 1925இல் வந்த தொகுப்பில் உள்ளது, பன்னிரண்டே வரிகள். எட்டு வயதுக் கறுப்பினச் சிறுவன் பால்டிமோர் நகரத்தை உற்சாகமாகச் சுற்றிப் பார்க்கிறான். இன்னொரு சிறுவன் அவனையே உற்றுப் பார்க்கிறான். இவன் சிரிக்கிறான், அவன் நாக்கைத் துருத்தி, கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் அந்த வசைச்சொல்லைச் சொல்கிறான். மே முதல் டிசம்பர் வரை ஊரைப் பார்த்தும் நினைவில் நிற்பது அது ஒன்றுதான் என்று கவிதை முடிந்துவிடுகிறது. கோபம் ஒரு வரியில்கூட இல்லை. தாளமோ குழந்தைப் பாட்டின் தாளம். நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: அத்தனை மாதங்களில் அவன் வேறு எதையெல்லாம் பார்த்திருப்பான்? துறைமுகம், கப்பல், பொம்மைக் கடை, குளிர்காலம் என்று அடுக்குவார்கள். பட்டியல் நீள நீள வகுப்பு அடங்கிப்போகும்.

அந்த வசைச்சொல்லை வகுப்பில் உரக்க வாசிக்கலாமா? கூடாது என்பது என் கட்சி. ஒருமுறை மாணவன் ஒருவனை முழுதாக வாசிக்கச் சொன்னேன். மறுவாரம் அதே சொல்லை, நிறம் குறைந்த ஒரு பையனுக்குப் பட்டப்பெயராக வைத்துத் தாழ்வாரத்தில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கற்றுக்கொடுத்தவன் நான்தான். இப்போது அந்த இடம் வந்ததும் நிறுத்திவிட்டு அடுத்த வரிக்குப் போகிறேன். தாளில் சொல் இருக்கிறது, கண்ணால் படித்துக்கொள்ளட்டும்.

'நீ ஓர் அடிமை என்று நினைத்துக் கவிதை எழுது' என்ற பயிற்சியைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். பிறர் வலியை மாறுவேடப் போட்டி ஆக்குகிற வேலை அது. துயரக் கவிதைகளாகவே அடுக்கவும் வேண்டாம். இன்னொரு கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸின் 'நானும்' கவிதையில், விருந்தினர் வந்தால் சமையலறைக்கு அனுப்பப்படுகிறவன் சிரித்தபடி நன்றாகச் சாப்பிட்டு உடம்பைத் தேற்றுகிறான். நாளை மேசையில் உட்காரப் போகிறான். மாணவர்களுக்கு அந்தத் திமிர் மிகவும் பிடிக்கும்.

நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வது, அவரும் கறுப்பினக் கவிஞர்தான், டட்லி ராண்டலின் 'பர்மிங்ஹாம் கதைப்பாடல்' கவிதைக்கு. தலைப்பையும் அதன் கீழுள்ள குறிப்பையும் மறைத்துத்தான் நகலெடுப்பேன். கறுப்பினத்தவரின் உரிமை ஊர்வலத்துக்குப் போகவா என்று மகள் கேட்கிறாள். நாய்களும் துப்பாக்கிகளும் இருக்கும், வேண்டாம், தேவாலயத்துக்குப் போய்ப் பாடு என்கிறாள் தாய். தலை வாரி, வெள்ளைக் கையுறையும் வெள்ளைக் காலணியும் போட்டு அனுப்புகிறாள். இங்கே நிறுத்தி, தாய் செய்தது சரியா என்று கேட்பேன். பெரும்பாலானவர்கள் சரி என்பார்கள். பிறகு மீதியை வாசிப்பேன்: வெடிச்சத்தம், ஓடிவரும் தாய், இடிபாட்டில் ஒரு காலணி.

அதன் பிறகுதான் தலைப்பைக் காட்டி வரலாற்றுக்கு வருவேன். 1963 செப்டம்பர் 15, அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம், 16ஆம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயம். வெள்ளை இனவெறியர்கள் வைத்த குண்டு வெடித்து நான்கு கறுப்பினச் சிறுமிகள் இறந்தார்கள். மூவருக்கு 14 வயது, ஒருத்திக்கு 11. குற்றவாளிகளில் ஒருவனுக்கு 1977இல் தண்டனை கிடைத்தது. இன்னும் இருவருக்கு 2001இலும் 2002இலும். இந்த ஆண்டுகளைப் பலகையில் எழுதிவிட்டு நான் பேசாமல் நின்றிருந்தபோது, பின்வரிசை மாணவி ஒருத்தி விரல்விட்டு எண்ணிப் பார்த்துச் சொன்னாள்: "கடைசித் தீர்ப்பு வந்தபோது அந்தச் சின்னப் பெண்ணுக்கு ஐம்பது வயது ஆகியிருக்கும், சார்."