மெர்லினா, மயனா?

அன்புள்ள அண்ணனுக்கு,

போன மாதம் எங்களுக்கு ஆண் குழந்தை பிறந்தான். மகம் நட்சத்திரம், 'ம' வரிசையில் பெயர் வைக்கச் சொல்லியிருக்கிறார் கோயில் ஐயர். நானும் மனைவியும் சின்ன வயதிலிருந்தே மந்திரக் கதைப் பைத்தியம். 'மெர்லின்' என்று வைக்க ஆசைப்படுகிறோம், எழுத்தும் பொருந்துகிறது. ஆனால் அப்பாயி, "மந்திரவாதி பேர வச்சா புள்ள உருப்படுமா?" என்று ஒரே பிடியாக நிற்கிறார். அவருக்காக ஆசையை விட்டுவிடுவதா? வேறு மந்திரப் பெயர் ஏதாவது இருக்கிறதா?

கே., பூண்டுலோயா

அன்புள்ள தம்பி,

தாய்க்கும் பிள்ளைக்கும் என் வாழ்த்து.

முதலில் அப்பாயி பக்கம் நின்று கொஞ்சம் பேசிவிடுகிறேன், கோபிக்காதீர்கள். அவருக்கு மந்திரம் பிடிக்காது என்று நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரின் சக்கரத்தில் ரோதமுனி என்ற சாமி இருக்கிறார் என்று சூடம் கொளுத்திய மலையகச் சனம் நாம். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டப் போகுமுன் கவ்வாத்துச்சாமிக்குக் கும்பிடு போட்ட சனம். அந்த ஊரில் வளர்ந்த கிழவிக்கா மந்திரம் பிடிக்காமல் போகும்? அவருக்குப் பிடிக்காதது மந்திரவாதி. நம் கதைகளில் மந்திரவாதி யார்? ராஜகுமாரியைத் தூக்கிக்கொண்டு போகிறவன், ஏழு கடல் தாண்டி ஒரு கிளிக்குள் உயிரை ஒளித்துவைக்கிறவன். தோட்டத்து வரிசை வீடுகளான நம் லயத்துக்கு வந்தால் செய்வினை, தகடு, எலுமிச்சம்பழம். பேரப்பிள்ளைக்கு அந்தப் பெயர் வேண்டாம் என்று பாட்டி சொன்னால் அது பட்டிக்காட்டுத்தனம் இல்லை.

நீங்கள் ஆசைப்படும் மெர்லின் வேறு மாதிரி ஆள். வேல்ஸ் நாட்டுப் பழங்கதைகளிலிருந்து வந்து, 12ஆம் நூற்றாண்டில் லத்தீன் நூலில் ஏறி, ஆர்தர் அரசனின் கதையோடு ஒட்டிக்கொண்டவர். இங்கிலாந்தில் வட்டமாக நிற்கும் ஸ்டோன்ஹெஞ்ச் பாறைகளை அயர்லாந்திலிருந்து கொண்டுவந்து நிறுத்தியது அவர்தான் என்று கதை. அரசனுக்குப் புத்தி சொல்வது, வருவதை முன்கூட்டியே சொல்வது எல்லாம் அவர் வேலை. நம் பக்கம் இந்த வேலையைப் பார்க்கிறவர்கள் சித்தர்களும் முனிவர்களும். அப்பாயியிடம் "மந்திரவாதி" என்று சொல்லாமல் "வெள்ளைக்காரன் ஊர்ச் சித்தர்" என்று சொல்லியிருந்தால் பாதிச் சண்டை வந்திருக்காது.

வெளிநாட்டுப் பெயர் என்பதற்காகவும் நான் மறுக்கவில்லை. உங்கள் பூண்டுலோயாவில் டன்சினன் தேயிலைத் தோட்டம் இருக்கிறதே, அது ஸ்கொட்லாந்து மலை ஒன்றின் பெயர். ஷேக்ஸ்பியர் நாடகத்தில், காடு எழுந்து அந்த மலைக்கு வரும்வரை மக்பத் என்ற அரசன் தோற்கமாட்டான் என்று சூனியக்காரிகள் எழுப்பிய உருவம் குறி சொல்லும். அப்புறம் படைவீரர்கள் மரக்கிளைகளை வெட்டிப் பிடித்துக்கொண்டு நடந்து வருவார்கள், குறி பலித்துவிடும். இவ்வளவு சூனியம் ஒட்டிய பெயரை நம் சனம் ஒரு கவலையும் இல்லாமல் சொல்லிக்கொண்டு அங்கேயே கொழுந்து பறிக்கிறது.

மெர்லின் வேண்டாம் என்பதற்கு என்னிடம் இருப்பது சாதாரணமான ஒரு காரணம். நம் கிறிஸ்தவக் குடும்பங்களில் அது பெண்பிள்ளைப் பெயர். மெர்லின் டீச்சர், மெர்லின் அக்கா என்று கேள்விப்பட்டதில்லையா? பையன் பள்ளிக்கூடத்தில் முதல் நாளே மாட்டிக்கொள்வான். ஆர்தர் அரசன் கதையை ஒவ்வொருத்தனுக்கும் சொல்லிக்கொண்டிருக்க அவனுக்கு நேரம் இருக்காது.

சரி, 'ம'வில் மந்திரப் பெயர்கள். பதினெண் சித்தர்களில் மச்சமுனி இருக்கிறார். வடக்கே மச்சேந்திரநாதர் என்பார்கள், கோரக்கருக்குக் குரு. சிவன் பார்வதிக்கு உபதேசித்த யோகத்தை மீன் வயிற்றுக்குள் இருந்தபடி ஒட்டுக்கேட்டார் என்பது கதை. இதைவிட மந்திரம் வேண்டுமா? மச்சேந்திரன் என்று வைக்கலாம்தான். ஆனால் இந்த நாட்டில் தமிழனும் சிங்களவனும் சேர்ந்து அவனை ஆயுசுக்கும் "மச்சான்" என்றே கூப்பிடுவார்கள். மாமனாரும் அப்படிக் கூப்பிட நேர்ந்தால் சிக்கல்.

எனக்குப் பிடித்தது மயன். அசுரர்களின் தச்சன். காண்டவ வனம் எரிந்தபோது அருச்சுனன் உயிர்ப்பிச்சை கொடுத்ததற்கு நன்றியாக, பாண்டவர்களுக்கு ஒரு சபை கட்டிக்கொடுத்தான். அதில் பளிங்குத் தரை தண்ணீர் மாதிரித் தெரியும், தண்ணீர் தரை மாதிரித் தெரியும். துரியோதனன் ஓரிடத்தில் வேட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தான், அடுத்த இடத்தில் நனைந்து எழுந்தான். பீமனுக்குக் கதாயுதமும் அருச்சுனனுக்குத் தேவதத்தம் என்ற சங்கும் கொடுத்தவனும் மயன்தான். அருச்சுனன் தபசு கூத்துப் பார்த்து வளர்ந்த அப்பாயிக்கு இதில் பாதியாவது தெரிந்திருக்கும், நீங்கள் எடுத்துக் கொடுத்தால் மீதியை அவரே சொல்வார். இன்னொன்று, மண்டோதரி இந்த மயனின் மகள். அப்படியென்றால் இராவணனுக்கு மாமனார். சீதையைச் சிறைவைத்த இடமென்று சொல்லும் சீதா எலியவையும் இராவணன் பெயரில் அருவி உள்ள எல்லவையும் வைத்துக்கொண்டு இராமாயணம் பேசும் நமக்கு அவன் சம்பந்தி முறை.

கூப்பிடும்போது "மயா" என்று குறுகும். லயத்தில் ஒரு மாயா இருந்தால் இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். அசுரன் பெயராச்சே என்று ஐயர் முகம் சுளித்தால் மாயவன் இருக்கிறது, திருமால் பெயர், யாரும் வாய் திறக்க முடியாது. எனக்கு அதில் கொஞ்சம் சுவாரசியம் குறைவு.

நீங்கள் எழுதாத விஷயம் ஒன்று, பெயரைவிட எனக்கு இதில்தான் கவலை. நம் வீடுகளில் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஓரெழுத்து குறைந்து ஒரு பெயர், சேமலாப நிதிப் பேப்பரில் மூன்றாவதாக ஒன்று. வேலையை விட்டு நின்றவர் தன் காசை எடுக்கப் போனால், "இது நீங்கள்தான் என்று எப்படி நம்புவது?" என்று திருப்பி அனுப்புவார்கள். தமிழில் சொன்ன பெயரை, தமிழ் தெரியாத ஒருவர் காதில் விழுந்தபடி எழுதியதால் வந்த வினை. 1948இல் இலங்கையில் மலையகத் தமிழரின் குடியுரிமை போன பிறகு கடதாசிக்காக நாம் அலைந்த அலைச்சலில் இந்த ஓரெழுத்து வித்தியாசங்களுக்கும் பங்குண்டு.

அதனால் எந்தப் பெயரானாலும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் ஒரு தாளில் எழுதி, தெரிந்தவரிடம் காட்டிச் சரிபார்த்துவிட்டுப் பதிவுக்குப் போங்கள். மூன்று மாதத்துக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. எழுதி முடித்ததும், பின்னால் எத்தனை பேர் வரிசையில் நின்றாலும், ஒவ்வொரு எழுத்தாக வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மெர்லின் ஆசை அதன் பிறகும் போகவில்லையென்றால் வீட்டுப் பெயராக வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு யாரும் சான்றிதழ் கேட்பதில்லை.

என்ன பெயர் வைத்தீர்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்