பிராண்டு மூடப்பட்ட ஸ்போர்ட்ஸ் காரை வாங்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறேன். 2008ஆம் ஆண்டு மாடல் போன்டியாக் சால்ஸ்டிஸ் ஜிஎக்ஸ்பி (துணிக்கூரையை மடிக்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் காரின் டர்போ மாடல்) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வார இறுதியில் மட்டும் ஓட்டுவதற்குத்தான். “கம்பெனியே இல்லாத காரை வாங்கி என்ன செய்யப்போகிறீர்கள்?” என்கிறார் மனைவி. வாங்கலாமா?

பதில்: உங்கள் மனைவியின் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. போன்டியாக்கைத் தயாரித்த ஜெனரல் மோட்டார்ஸ் இன்றும் இருக்கிறது. 2009இல் திவாலாகி மீண்டபோது அது கைகழுவிய பெயர்களில் ஒன்றுதான் போன்டியாக். 2010 அக்டோபரோடு அந்தப் பெயர் முற்றிலும் மறைந்தது.

இப்படிப்பட்ட காரில் எல்லோரும் முதலில் எஞ்சினை நினைத்துத்தான் கவலைப்படுகிறார்கள். நான் கவலைப்படுவது விளக்குகளையும் காரின் வெளித்தகடுகளையும் நினைத்து. ஜிஎக்ஸ்பியில் இருக்கும் 260 குதிரைத்திறன் கொண்ட 2.0 லிட்டர் டர்போ எஞ்சின், செவ்ரோலே கோபால்ட் எஸ்எஸ் காரிலும் இருந்தது. ஐந்து கியர் மேனுவல் கியர்பாக்ஸ், கொலராடோ பிக்கப் வண்டியின் வகையறா. இவற்றுக்குப் பாகம் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் இந்த உடலை வேறு எந்தக் காரும் அணியவில்லை. உடன்பிறப்பான சாட்டர்ன் ஸ்கை காரின் முகமே வேறு. போதாக்குறைக்கு சாட்டர்ன் பிராண்டும் மூடப்பட்டுவிட்டது. எனக்குத் தெரிந்த ஒருவர் பார்க்கிங்கில் யாரோ உரசிவிட்டுப் போனதால் உடைந்த ஒரு பின்விளக்குக்காக நான்கு மாதம் காத்திருந்தார்.

ஆகவே வழக்கத்துக்கு மாறாக உடலிலிருந்து தொடங்குங்கள். இதன் பானட் ஒரே பெரிய தகடு. சக்கர வளைவுகள் வரை இறங்கிவந்து, முன்பக்கமாகத் திறக்கும்; கீல்கள் பம்பருக்கு அருகில் இருக்கின்றன. முன்னால் பலமாக இடிபட்ட காரில் அந்தக் கீல்களைப் பழையபடி உட்கார வைப்பது எளிதல்ல. பானட்டை மூடிவிட்டுக் குனிந்து, கதவை ஒட்டிய இடைவெளியில் விரல்நுனியை மேலிருந்து கீழே ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் நகம் நுழைந்து மறுபக்கம் தகடு உரசினால், விற்பவர் எத்தனை சத்தியம் செய்தாலும் அது அடிபட்ட கார்தான். துணிக்கூரையின் மடிப்புகளில் கிழிசல் இருக்கிறதா, இருக்கைக்குப் பின்னால் கம்பளம் ஈரமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். கூரையை மடித்தால் டிக்கியில் பெட்டி வைக்க இடம் இருக்காது. பெட்ரோல் டேங்க்கே அங்கேதான் நடுவில் குந்தியிருக்கிறது. இதைப் பழுது என்று நினைத்துவிடாதீர்கள், வடிவமைப்பே அப்படி.

எஞ்சினை முதல் நாள் இரவிலிருந்து ஓட்டாமல் வைத்திருக்கச் சொல்லி, காலையில் நீங்களே கிளப்புங்கள். டைமிங் செயின் (வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் சங்கிலி) தளர்ந்திருந்தால் குளிர்ந்த எஞ்சினில்தான் கடகடப்பு கேட்கும். பெட்ரோல் நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதால், உள்ளிழுக்கும் வால்வுகளைப் பெட்ரோல் கழுவுவதில்லை. அங்கே கரி படியும். வால்நட் ஓட்டுத் தூளைப் பீய்ச்சி அதை அகற்றுவார்கள். அந்தப் பில் இருந்தால் நல்ல உரிமையாளர் என்று பொருள். திறனை 290 குதிரைத்திறனாக உயர்த்தும் கிட் ஒன்றை ஜெனரல் மோட்டார்ஸே விற்றது. அது பொருத்தப்பட்டிருந்தால் பயமில்லை. யாரோ வீட்டில் லேப்டாப்பை வைத்து ட்யூன் செய்த கார் என்றால் நான் விலகிவிடுவேன். காரைத் தூக்கி, பின் டிஃபரன்ஷியலின் (பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) பக்கவாட்டில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

2014இல் ஜெனரல் மோட்டார்ஸ் இக்னிஷன் சுவிட்சுக்காகத் திரும்ப அழைத்த கார்களில் சால்ஸ்டிஸும் உண்டு. ஓடும்போதே சுவிட்ச் நழுவி எஞ்சின் நின்றுவிடும். விபத்து நேர்ந்தால் காற்றுப்பையும் விரியாமல் போகலாம். விற்பனையாகும் காரின் சுவிட்ச் மாற்றப்பட்டதா என்பதை அதன் விஐஎன் எண்ணை (ஒவ்வொரு காருக்கும் உள்ள தனி அடையாள எண்) கொடுத்து செவ்ரோலே டீலரிடமே கேட்கலாம்.

எல்லா மூடப்பட்ட பிராண்டுக்கும் இதே கணக்கைப் போடாதீர்கள். டொயோட்டாவின் சயான் பிராண்டு 2016இல் மூடப்பட்டது. ஆனால் அதன் எஃப்ஆர்-எஸ் கார் டொயோட்டா 86 என்ற பெயரில் தொடர்ந்து விற்றது, ஆகவே தலைவலி குறைவு. 2011இல் திவாலான சாப் நிறுவனத்தின் 9-3 காரிலோ, சில மின்னணுப் பெட்டிகளை மாற்றினால், புதியவற்றை டெக்-2 என்ற கருவியால் காரோடு இணைத்தால்தான் அவை வேலை செய்யும். அது வைத்திருக்கும் மெக்கானிக் பக்கத்தில் இல்லையென்றால் அந்தக் கார் வேண்டாம்.

இன்சூரன்ஸைக் கார் வாங்கும் முன்பே பேசிவிடுங்கள். தகடு கிடைக்காத காரில் சிறிய விபத்துக்கும் “முழுச் சேதம்” என்று எழுதிவிடுவார்கள். மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் பாலிசி கிடைத்தால் அதை எடுங்கள். மேலே சொன்னவை சரியாக இருந்தால் வாங்கலாம். பணம் கொடுக்கும் முன் விற்பவரின் கராஜை ஒரு நோட்டம் விடுங்கள். இந்தக் காரை நேசித்து வைத்திருந்தவர் என்றால் மூலையில் ஒரு ஹெட்லைட்டோ பின்விளக்கோ பத்திரமாக வைத்திருப்பார். அதையும் சேர்த்தே பேரம் பேசுங்கள்.