புற்றுநோய் மருத்துவமனையில் மருந்தாளுநருக்கு என்ன வேலை?

சீட்டில் இருப்பதை எடுத்துக் கொடுப்பதைத் தாண்டி அங்கே மருந்தாளுநர் என்ன செய்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் வேலை, மருத்துவர் எழுதிய கீமோ அளவைத் தானும் தனியாகக் கணக்கிடுவது.

கார்போபிளாட்டின் என்ற கீமோ மருந்தின் அளவு சிறுநீரகத்தைப் பொறுத்தது. சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தோடு 25ஐக் கூட்டி, இலக்கு ஏயுசி எண்ணால் (ரத்தத்தில் மருந்து மொத்தமாக எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைக் குறிக்கும் எண்) பெருக்க வேண்டும். ஏயுசி 5, வேகம் நிமிடத்துக்கு 60 மி.லி. என்றால் 425 மி.கி. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையின் பழைய அறிக்கையை வைத்துக் கணக்கிட்டால் அளவு கூடி, ரத்த அணுக்கள் ஆபத்தாகச் சரியலாம்.

வின்கிரிஸ்டின் என்ற இன்னொரு கீமோ மருந்தை ரத்தநாளம் வழியே மட்டுமே ஏற்ற வேண்டும். தவறி முதுகுத்தண்டில் போட்டால் பெரும்பாலும் உயிர் போய்விடும். அதனால் சிரிஞ்சில் தராமல் 50 மி.லி. சலைன் பையில் கலந்து அனுப்புவார்கள். பையை முதுகுத்தண்டில் ஏற்ற யாருக்கும் கை போகாது. என் பார்வையில் இதைவிட மலிவான, பயனுள்ள பாதுகாப்பு வேறில்லை.

இப்போது வேலை வீடுவரை நீண்டிருக்கிறது. கேப்சிட்டபீன் என்ற கீமோ மாத்திரையை வழக்கமாக 14 நாள் சாப்பிட்டு 7 நாள் நிறுத்த வேண்டும். அந்த இடைவெளியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதோடு ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினும் சாப்பிடுபவருக்கு ரத்தக்கசிவு அபாயம் கூடும், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையை அடிக்கடி செய்ய வேண்டும். வழக்கத்தைவிட நாளுக்கு 4 தடவை அதிகமாக வயிற்றுப்போக்கு போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் பேச வேண்டும் என்று நோயாளியிடம் சொல்லி அனுப்புவதும் மருந்தாளுநர்தான்.