வாரம் ஒரு ஊசி: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவரின் பதில்கள்

கேள்வி: எடை குறைக்கும் ஊசி மருந்தான ரெட்டாட்ரூடைட், பொடியாக, சின்னக் குப்பியில், 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்ற லேபிளோடு ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. 2023-ல் வெளியான இரண்டாம் கட்ட ஆய்வில், அதிக டோஸ் போட்டவர்களுக்கு 48 வாரத்தில் சராசரியாக 24 சதவீதம் எடை குறைந்தது. அந்தப் பரபரப்பை வைத்துத்தான் இந்தக் குப்பி வியாபாரமே நடக்கிறது. ஆய்வில் போட்டது லில்லி நிறுவனத்தின் மருந்து. உங்கள் குப்பியில் என்ன இருக்கிறது என்பதற்கு விற்பவரின் வாய்ச்சொல்தான் சாட்சி. மருந்து என்று விற்றால் உரிமம் கேட்பார்கள்; அதற்குப் பயந்துதான் அந்த லேபிள்.

குப்பிக்குள் இருப்பது அசல் என்றே வைத்துக்கொள்வோம். பொடியை நீங்களே கரைக்க வேண்டும். இன்சுலின் சிரிஞ்சில் இருப்பது யூனிட் கோடுகள், மில்லிகிராம் அல்ல. 10 மி.கி. பொடியை 2 மி.லி. நீரில் கரைத்தால், ஒரு மி.லி.க்கு 100 யூனிட் உள்ள சிரிஞ்சில் 40-வது கோட்டில் 2 மி.கி. இருக்கும். 1 மி.லி.யில் கரைத்தால் அதே கோட்டில் 4 மி.கி. வாட்ஸ்அப்பில் வந்த அளவைப் பார்த்துப் போட்டுவிட்டு, இரண்டு நாள் வாந்தியோடு வருகிறார்கள்.

கேள்வி: இந்த வகை ஊசி மருந்து பல்லி விஷத்திலிருந்து எடுத்ததாமே?

பாதி உண்மை. இந்த ஊசிகள் நம் குடலில் சுரக்கும் ஜி.எல்.பி-1 என்ற ஹார்மோனைப் போல வேலை செய்பவை. அந்த ஹார்மோன் ஓரிரு நிமிடத்தில் சிதைந்துவிடும். கிலா மான்ஸ்டர் என்ற அமெரிக்க விஷப்பல்லியின் விஷத்தில், அதைப் போலவே வேலை செய்யும், ஆனால் எளிதில் சிதையாத ஒரு பெப்டைடை (சிறு புரதத் துண்டை) ஜான் எங் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1992-ல் கண்டறிந்தார். அதன் வழியே வந்தது, 2005-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எக்ஸெனடைட் என்ற ஊசி மருந்து. இன்று வாரம் ஒரு முறை போடும் செமாக்ளூடைட் ஊசியோ மனித ஹார்மோனையே திருத்தியமைத்தது. உடலிலிருந்து அதில் பாதி அளவு வெளியேறவே ஒரு வாரம் ஆகும்.

கேள்வி: கிளிமிபிரைடு என்ற சர்க்கரை நோய் மாத்திரையோடு இந்த வார ஊசியும் தொடங்கினேன். வேர்க்கிறது, கை நடுங்குகிறது.

உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஊசி மட்டும் என்றால் சர்க்கரை இப்படி இறங்குவது அபூர்வம். அது சர்க்கரை ஏறியிருக்கும்போதுதான் இன்சுலினைத் தூண்டும். கிளிமிபிரைடுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. அதன் டோஸைக் குறைக்க வேண்டியிருக்கலாம். இன்றே உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள்.

கேள்வி: நிறுத்தினால் எடை திரும்புமா?

பெரும்பாலும் திரும்பும். செமாக்ளூடைட் ஆய்வில், நிறுத்திய ஒரே வருடத்தில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. பி.பி. மாத்திரையை நிறுத்தினால் பி.பி. ஏறுவதில்லையா? கல்யாணத்துக்காக மூன்று மாதம் மட்டும் கேட்டு வருகிறவர்களுக்கு நான் எழுதித் தருவதில்லை.

கேள்வி: செமாக்ளூடைட்டின் மாத்திரை வடிவமான ரைபெல்சஸைக் காபியோடு விழுங்கலாமா?

வேண்டாம். வெறும் வயிற்றில், அரை டம்ளருக்கு மேல் போகாத தண்ணீரோடு. காபி அரை மணி நேரம் கழித்து.