ஃபும்பானுக்கு வரும் தம்பிக்கு: முதலில் காது, அப்புறம் எழுத்து

தம்பி, அடுத்த மாதம் கேமரூனில் ஃபும்பானுக்கு வேலைக்கு வருகிறாய், பாமும் மொழியை அதன் சொந்த எழுத்தோடு ஊரிலேயே படித்துவிட்டு வரலாமா என்று கேட்டிருந்தாய். பன்னிரண்டு வருஷமாக இங்கே குடித்தனம் நடத்துகிற அக்கா சொல்கிறேன்: எழுத்து காத்திருக்கும். முதலில் பிரெஞ்சில் எண்களைப் படி.

கடைப் பெயர்ப்பலகை, ரசீது, வாடகை ஒப்பந்தம் எல்லாம் பிரெஞ்சு. பாமும் மொழியை இவ்வூர்க்காரர்கள் ஷுபாமோம் என்று அழைப்பார்கள், அதை எழுதும்போதுகூடப் பெரும்பாலும் இலத்தீன் எழுத்துதான். ஆனால் சந்தையில் காய்க்காரம்மாவின் வாயில் வருவது ஷுபாமோம். அதில் குரலின் ஏற்ற இறக்கம் மாறினால் சொல்லே வேறு. நாம் கோபத்துக்கும் கேள்விக்கும் குரலை ஏற்றிப் பழகியவர்கள், அதுதான் தொல்லை. வந்த புதிதில் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் மரியாதையாக ஏதோ சொன்னேன். அவர் திண்ணையிலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். என்ன சொன்னேன் என்று இன்றுவரை வாயைத் திறக்கவில்லை. அதனால் புத்தகத்தில் படிக்காதே, ஆளிடம் கேட்டுப் படி.

எழுத்துக்கு வருகிறேன். 1896 வாக்கில் பாமும் மக்களின் மன்னர் இப்ராஹிம் இன்ஜோயா உருவாக்கியது. பலகையில் ஒரு கையை வரைந்து, அதைக் கழுவிய நீரைக் குடிக்கும்படி கனவில் கட்டளை வந்தது என்பார்கள். பிறகு மக்களை அழைத்து, தெரிந்த பொருட்களையெல்லாம் வரையச் சொன்னாராம். தொடக்கத்தில் ஐந்நூறு சொச்சம் சித்திரக் குறிகள். யார் நினைவில் வைத்துக்கொள்வது? அவரே திரும்பத் திரும்பத் திருத்தினார். படம் கோடாகச் சுருங்கியது, பொருளைக் குறித்தது ஒலியைக் குறிக்கத் தொடங்கியது. 1910இல் எண்பது எழுத்தில் வந்து நின்றது. அதன் பெயர் 'ஆ கா ஊ கூ', முதல் நான்கு எழுத்துகள்தான்! நம் அரிச்சுவடி மாதிரி என்று நானும் துள்ளினேன். ஏமாந்துபோனேன். நமக்கு 'க' தெரிந்தால் 'கூ' கையில் வந்துவிடும். இங்கே கா ஒரு வடிவம், கூவுக்கு அதோடு எந்த ஒட்டும் கிடையாது. ஒவ்வொன்றையும் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டும். கடைசிப் பத்து எழுத்துகளே எண்களும்கூட. அது ஒன்றுதான் எனக்குச் சுலபமாக இருந்தது.

இன்ஜோயா இதை வைத்துப் பள்ளிக்கூடம் நடத்தினார், தம் மக்களின் வரலாற்றையும் வழக்கங்களையும் எழுதினார், செம்பில் அச்செழுத்து செய்யவும் முயன்றார். முதல் உலகப் போருக்குப் பின் வந்த பிரெஞ்சு ஆட்சி பள்ளிகளை மூடியது, 1931இல் அவரை ஃபும்பானை விட்டு வெளியேற்றி, இப்போது கேமரூனின் தலைநகராக இருக்கும் யாவுண்டேவுக்கு அனுப்பியது. 1933இல் அங்கேயே இறந்தார். ஒரு தலைமுறையின் கையிலிருந்து எழுத்து இப்படித்தான் நழுவியது. இப்போது அரண்மனையை ஒட்டிப் பழைய ஏடுகளைக் காக்கும் வேலையும் எழுத்தைக் கற்பிக்கும் வேலையும் நடக்கின்றன. கணினிகள் பொதுவாகப் பின்பற்றும் எழுத்துத் தரமான யூனிகோடிலும் 2009இல் சேர்ந்துவிட்டதால், எழுத்துரு போட்டால் உன் கைபேசியிலும் தெரியும்.

இரட்டைத் தலைப் பாம்பு வடிவில் கட்டிய அருங்காட்சியகத்துக்கு முதல் ஞாயிறே கூட்டிப்போகிறேன். அதுவரை பிரெஞ்சில் நூறு வரை எண்ணப் பழகு. மோட்டார் சைக்கிள் டாக்சிக்காரரிடம் பேரம் பேசாமல் ஏறிவிடாதே.