ஆற்றங்கரை அருகே கிணறு உப்பானது குறித்து

ஐயா, வைகை கடலில் சேரும் ஆற்றங்கரை என்னும் ஊரின் அருகே, பக்கத்தில் இறால் பண்ணை வந்தபின் வீட்டுக் கிணறு உப்பாகிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனம் கனத்தது. பண்ணை மட்டுமே காரணம் என்று இப்போதே முடிவு செய்துவிட வேண்டாம். நம் கரையோர மணலில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதந்தே நிற்கிறது. அதனால்தான் அம்மா கொட்டாங்கச்சியால் ஊற்றுநீரை மேலாக மொள்வார்கள். நன்னீர் மட்டம் ஓர் அடி தாழ்ந்தால் உப்புநீர் நாளடைவில் சுமார் 40 அடி மேலேறக்கூடும் என்பதால், இடைவிடாது ஓடும் மோட்டாரும் தூர்ந்த ஊருணியும்கூடக் கிணற்றைக் கெடுக்கும்.

விடியற்காலையில் இறைக்குமுன் ஒரு புட்டியும், இரண்டு மணி நேரம் இறைத்தபின் ஒரு புட்டியும் எடுத்து, கரைந்த உப்பை ஆய்வகத்தில் அளந்து பாருங்கள். இரண்டாவதில் மிகுந்தால் உப்பு பெரும்பாலும் அடியிலிருந்து ஏறுகிறது. பண்ணைநீர் வாய்க்காலில் திறக்கப்படும் நாள்களில் மட்டும் கூடினால் கசிவையே ஐயுற வேண்டும். கரைந்த உப்பு லிட்டருக்கு 2000 மில்லிகிராமைத் தாண்டிய நீரைக் குடிக்காதீர்கள். 2005ஆம் ஆண்டுக் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டப்படி பண்ணை பதிவு பெற்றதா என்றும் கேளுங்கள்.