அண்டாவுக்குப் போன கீரைக்கே என் மதிப்பெண்

பள்ளிகளின் இயற்கைத் தோட்டங்களுக்கு நடக்கும் போட்டியைப் பற்றித்தான் இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல். சேலம் மாவட்டத்து அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் 19 ஆண்டுகள் அறிவியல் ஆசிரியையாக இருந்து, அதன் பின்கட்டில் தோட்டம் வளர்த்தவள் நான். ஓய்வுபெற்ற பிறகு நான்கு முறை இப்படிப்பட்ட போட்டிகளுக்கு நடுவராகப் போயிருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்தே பதில் சொல்கிறேன்.

எங்கள் பள்ளியும் போட்டியில் பெயர் கொடுத்திருக்கிறது. நடுவர்கள் வர மூன்று மாதம்தான் இருக்கிறது. நர்சரியில் வளர்ந்த செடிகளாக வாங்கி வைத்துவிடலாம் என்கிறார் தலைமையாசிரியர். நடுவர்கள் எதைப் பார்ப்பார்கள்?
– ஆசிரியை, வாழப்பாடி

வாங்க வேண்டாம், டீச்சர். ஒரு பள்ளியில் வரிசையாக நாற்பது தொட்டிகள், எல்லாவற்றிலும் காய்த்த கத்தரி. ஒரு தொட்டியை இலேசாக நகர்த்திப் பார்த்தேன். அடியில் இருந்த அறுகம்புல் பச்சைப்பசேலென்று நிமிர்ந்து நின்றது. ஒரு மாதம் தொட்டி நின்ற இடமென்றால் புல் வெளுத்துச் செத்திருக்கும். அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. பொய்யில் அவர்களையும் சேர்த்துவிட்டோமே என்ற கஷ்டம்.

மூன்று மாதம் தாராளமாகப் போதும். சிறுகீரை 25 நாளில் பறிப்புக்கு வந்துவிடும். வெண்டையும் கொத்தவரையும் ஒன்றரை மாதத்தில் காய் பிடிக்கும். நான் முதலில் பார்ப்பது சத்துணவுக் கூடத்தைத்தான். தோட்டத்தில் விளைந்தது அண்டாவுக்குப் போனதா, எத்தனை நாள் போனது? சமையலர் அம்மாவிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும்.

கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். மதிய உணவில் தொடக்கப்பள்ளிக் குழந்தைக்கு ஒரு வேளைக்கு 50 கிராம் காய்கறி, ஆறாம் வகுப்புக்கு மேல் 75 கிராம் என்பது அளவு. 60 சின்னக் குழந்தைகளுக்கு 3 கிலோ. நன்றாக வந்த கீரைப் பாத்தியில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கிடைக்கும். ஆக, மூன்று மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்தில் ஒரு பாத்தி போதும். அப்படி நான்கு பாத்தி எடுத்து வாரத்துக்கு ஒன்றாக விதையுங்கள். நாலாவது பாத்தி முளைக்கும்போது முதல் பாத்தி பறிப்புக்குத் தயாராக இருக்கும். பறித்த பாத்தியில் மட்கு எருவைக் கலந்து மறுபடி விதைத்துவிட்டால், வாரம் ஒரு நாள் கீரைக் கூட்டு நிச்சயம். எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைத்துவிட்டு, ஒரே நாளில் பறிக்க முடியாமல் முற்றவிட்ட பள்ளிகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

எரு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. என் முதல் வருடத்தில், நாமக்கல் பக்கமிருந்து வந்த கோழி எருவை ஆறப்போடாமல் கத்தரி நாற்றுக்கு வைத்துவிட்டேன். ஒரே வாரத்தில் இலை ஓரமெல்லாம் கருகி, பாத்தி முழுக்கப் போய்விட்டது. பிள்ளைகள் அழுதார்கள். பச்சை எரு எதுவானாலும் குழியில் போட்டு, சூடு தணிந்து மண்வாசனை வந்த பிறகே செடிக்குப் போக வேண்டும்.

போன வருடப் போட்டியில் எங்கள் பள்ளி தோற்றது. முதல் பரிசு வாங்கிய பள்ளி யூரியா போட்டது எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகள் மனம் உடைந்துவிட்டார்கள். இதை நடுவர்களால் கண்டுபிடிக்கவே முடியாதா?
– பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியர், ஆத்தூர்

உங்கள் ஆதங்கம் நியாயமானது. அந்தப் பள்ளி என்ன செய்தது என்று நான் பார்க்கவில்லை, அதனால் அதைப் பற்றிப் பேச மாட்டேன். ஆனால் கண்டுபிடிக்க முடியுமா என்றால், இலையை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. கரும்பச்சையாகக் கொழுத்து, அசுவினிப் பூச்சி அப்பிக்கொண்டிருந்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) மிஞ்சிவிட்டது என்று தெரியும். அது யூரியாவா, இயற்கைக் கரைசல்களான பஞ்சகவ்யத்தையும் மீன் அமிலத்தையும் அளவில்லாமல் அடித்ததா என்று செடி சொல்லாது.

பிள்ளைகள் சொல்வார்கள். ஏற்காட்டு மலைக் கிராமம் ஒன்றில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னை அவரைப் பந்தலுக்கு அடியில் உட்காரச் சொன்னாள். மண்ணை மூடியிருந்த காய்ந்த சருகு மூடாக்கை ஒற்றை விரலால் மெல்ல விலக்கினாள். உள்ளே ஈரமண்ணில் கடுகு கடுகாக உருண்டைகள், மண்புழு எச்சம். “போன மாசம் இதோ இந்த அளவுதான் இருந்தது” என்று சுண்டுவிரல் நகத்தைக் காட்டினாள். பிறகு மூடாக்கை இருந்தபடியே இழுத்து மூடிவிட்டுத்தான் எழுந்தாள். அந்தக் கை பழகிய கை. யாரும் ஒரே நாளில் சொல்லிக்கொடுத்து அப்படி மூட வைக்க முடியாது. முழு மதிப்பெண் போட்டுவிட்டு வந்தேன்.

நடுவர்களாக வருகிறவர்களுக்கும் இதையே கேட்டுக்கொள்கிறேன்: ஆசிரியர் விளக்கம் சொல்லும்போது, கடைசி வரிசையில் நிற்கும் குழந்தையைக் கூப்பிட்டு, “போன வாரம் எந்தப் பூச்சி வந்தது, என்ன செய்தீர்கள்?” என்று கேளுங்கள். தேதி போட்டு, பிள்ளைகள் கையெழுத்திலேயே எழுதிய தோட்டக் குறிப்பேடு இருக்கிறதா என்று பாருங்கள். செடி செத்ததும் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். எதுவுமே சாகாத தோட்டத்தை நான் நம்ப மாட்டேன்.

நான் எட்டாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் பள்ளி சேர்வராயன் மலையில் இருக்கிறது. குரங்குகள் தக்காளியை விடுவதில்லை. இரவில் காட்டெருமை வருகிறது. காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் சருகை மட்கு உரத்துக்குப் போடலாமா?
– மாணவி, ஏற்காடு

கண்ணு, உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கீழே சேலத்துக்காரர்கள் வெயிலோடு போராட, 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தால் உங்களுக்கு வேறு போராட்டம்.

சருகைப் போடலாம். ஆனால் சில்வர் ஓக் இலை தடித்தது, சீக்கிரம் மட்காது. கையால் நொறுக்கி, ஒரு அடுக்கு சருகு, ஒரு அடுக்கு பச்சைத் தழை, மேலே சாணக் கரைசல் என்று மாற்றி மாற்றிப் போடு. மாதத்துக்கு ஒரு முறை கிளறிவிடு. பொறுமை இல்லையென்றால் அதை அப்படியே மூடாக்காகப் பரப்பிவிடு, அதற்கு இதைவிட நல்ல சருகு கிடைக்காது.

குரங்குக்குத் தெரியாமல் மண்ணுக்குள் விளைவதை வை: முள்ளங்கி, பீட்ரூட், கேரட். உங்கள் குளிருக்கு மூன்றும் நன்றாக வரும். பிடுங்கிப் பார்க்கும் குரங்கும் உண்டு, ஆனாலும் தக்காளி அளவுக்கு நஷ்டம் வராது. காட்டெருமை வருகிற பக்கம் இரவில் யாரும் தோட்டத்துக்குப் போகவே கூடாது. விரட்டவும் போகக் கூடாது. அது தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும். உன் பாட்டியிடம் சாமை, தினை விதை இருந்தால் ஒரு பாத்தி அதற்கென்று ஒதுக்கு. மலைக்கே உரிய தானியம் உன் பள்ளித் தோட்டத்தில் இருக்க வேண்டும்.

மேக்னசைட் என்ற வெள்ளைத் தாதுக்கல் நிறைந்த பூமி எங்களுடையது. வெளுத்த மண், எதுவும் வேர் பிடிப்பதில்லை. போட்டியில் சேரலாமா?
– உடற்கல்வி ஆசிரியர், கருப்பூர்

தாராளமாகச் சேருங்கள். தரையோடு போராடாமல் செங்கல் அடுக்கி ஒரு முழ உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டி, செம்மண்ணும் மட்கு எருவும் சம அளவில் நிரப்புங்கள். சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் மண் மாதிரியைக் கொடுத்து யோசனை கேளுங்கள். மாதிரி எடுப்பது பிள்ளைகளாக இருக்கட்டும்.

பள்ளித் தோட்டத்துக்கு இயற்கை வேளாண் சான்றிதழ் வாங்க வேண்டுமா?
– பெற்றோர் ஆசிரியர் கழக உறுப்பினர், ஓமலூர்

வேண்டாம். சான்றிதழ் என்பது ‘இயற்கை விளைபொருள்’ என்று முத்திரை போட்டு விற்கிறவர்களுக்கு. அதற்கு நிலத்தை இயற்கை முறைக்கு மாற்றும் காலமே பருவப் பயிர்களுக்கு 2 ஆண்டு, பல்லாண்டுப் பயிர்களுக்கு 3 ஆண்டு. பிள்ளைகள் தின்னும் கீரைக்கு நீங்களே சாட்சி.

என் மகன் தினமும் சட்டையெல்லாம் மண்ணாக வருகிறான். பொதுத்தேர்வுக்கு உதவாத இந்தப் போட்டி எதற்கு?
– ஒரு தாய், சூரமங்கலம்

அம்மா, சட்டை துவைக்கிற சிரமம் எனக்குத் தெரியும். ஒரு பழைய சட்டையைப் பள்ளியிலேயே வைத்துவிடச் சொல்லுங்கள். அவனிடம் இன்றிரவு ஒரு வேலை கொடுங்கள்: 50 கிராம் வேப்பங்கொட்டையை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் ஊறவைக்கட்டும். காலையில் வடிகட்டி, துளி காதி சோப்பு கரைத்து, மாலை வெயில் தாழ்ந்ததும் உங்கள் வீட்டுச் செம்பருத்தியில் இருக்கிற மாவுப்பூச்சி மேல் தெளிக்கட்டும். ஐந்து சதவீதக் கரைசல் என்றால் என்ன என்று அதன் பிறகு அவனிடம் கேளுங்கள். என் வகுப்பில் கரும்பலகையில் மூன்று நாள் விளக்கியும் ஏறாத பாடம், ஒரு வாளியில் ஏறியதை நான் பார்த்திருக்கிறேன்.

பரிசு வாங்கிய தோட்டம் கோடை விடுமுறையில் காய்ந்துவிட்டது. ஜூனில் திரும்பி வந்தால் பொட்டல். என்ன செய்வது?
– தலைமையாசிரியை, தாரமங்கலம்

எல்லாப் பள்ளிக்கும் இதுதான் கதை. சித்திரை வெயிலில் கீரையைக் காப்பாற்ற முயல வேண்டாம். முருங்கை, கறிவேப்பிலை, பப்பாளி, தவசிக்கீரை ஆகிய நான்கையும் மட்டும் காப்பாற்றுங்கள். பழைய மண்பானையின் அடியில் துளையிட்டு, துணித்திரி செருகி, செடியருகே கழுத்துவரை புதையுங்கள். பள்ளிக்கு அருகில் குடியிருக்கும் பிள்ளைகள் முறைபோட்டு, பெரியவர் ஒருவர் துணையோடு வாரம் இரண்டு முறை பானையை நிரப்பினால் போதும்.

ஏப்ரல் கடைசியில் இன்னொரு வேலையும் உண்டு. அவரை, வெண்டை, சுரை ஒவ்வொன்றிலும் நல்ல காய் இரண்டை முற்றவிட்டு, விதை எடுத்து, நிழலில் உலர்த்தி, சாம்பலில் புரட்டி, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். யார் எடுத்த விதை என்று பெயர் எழுதி ஒட்டுங்கள். பள்ளி திறந்த முதல் நாள் எங்கள் பள்ளியில் பிள்ளைகள் வகுப்புக்குப் போகுமுன் அலமாரிக்குத்தான் ஓடுவார்கள், தன் டப்பாவில் வண்டு விழுந்திருக்கிறதா என்று பார்க்க.